ஏழாம் பொருள்

நிகழ்ச்சி நிரலில் ஏழாவது:
இளையோர் கருத்து, மூன்று நிமிடம்.
எட்டாவது மதிய உணவு.
இரண்டும் அடுத்தடுத்து இருந்ததில்
யாருக்கும் உறுத்தல் இல்லை.

நான் குறிப்பெழுதி.
நாரின் மாவட்ட அலுவலகத்தில் மூன்றாம் மேசை.
இருபத்துநாலு வயது. இருந்தும்
இளையோர் கணக்கில் என்னைச் சேர்க்கவில்லை.
பேனா பிடித்தவனுக்கு வயது கிடையாது.

வெளியே மார்ச்.
கூரைப் பனி இறங்க மனமின்றித் தொங்கியது.
உள்ளே நிதி வந்திருந்தது,
நான்கு பேராக,
கழுத்தில் அட்டை, காலுறையில் ஈரம்.
பள்ளிக்கு ஆறு திரைகள் தருவார்களாம்.
தொட்டால் உலகம் திறக்குமாம்.
படத்தில் ஒரு சிறுமி தொட்டுச் சிரித்தாள்.
அவள் எங்கள் ஊர் இல்லை,
எந்த ஊரும் இல்லை.

தேநீர் வந்தது.
எங்கள் பக்கம் ஒரு வழக்கம்:
பாதி ஊற்றினால், இரு, பேசலாம்.
விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு.
நிதிக்குப் பாதி. தலைவருக்குப் பாதி.
பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தளும்பத் தளும்ப.
ஊற்றிய பெண்ணைக் குறை சொல்லேன்.
நேரமாகிறது என்று அவள் காதில் போட்டதே நான்தான்.

பெகிமாய் எழுந்தாள்.
காலையில் வாசலில் ரொட்டித்தட்டு ஏந்தி
விருந்தாளிகளை வரவேற்றவள்.
பூவேலைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

“நாங்கள் காலையில் தேநீர் குடிப்பதில்லை.”

மொழிபெயர்ப்பாளர் அதைப்
பணிவு என்று எடுத்துக்கொண்டு
சிரித்தபடி மாற்றிச் சொன்னார்.

“இல்லை. குடிக்க முடிவதில்லை.
கழிப்பறை பள்ளிக்குப் பின்னால், எண்பத்துமூன்று எட்டு.
சைராவின் காலுக்கு நூற்றுப்பத்து.
கதவில் தாழ் கிடையாது.
ஜனவரியில் எச்சில் தரைக்கு வருமுன் உறைகிறது.
அதனால் விடிந்ததிலிருந்து மணி அடிக்கும்வரை
ஒரு மிடறு தண்ணீர் இல்லை.
கணக்கு வகுப்பில் தலை விண்விண் என்கிறது.
திரை வந்தால்
அந்தத் தலையோடுதான் தொடுவோம்.”

நோட்டைப் பிரித்தாள்.
நாற்பத்தொரு பெண்கள், பெயர் பெயராக,
யார் எத்தனை மணிக்கு என்ன குடித்தார்கள் என்று.
அடுத்த பக்கத்தில் குழாய், சிமெண்ட், தாழ்ப்பாள்,
மூன்று கடைகளில் விசாரித்த விலை.

“திரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.
நாலு போதும்.
மிச்சம் இரண்டைக் குழாயாகத் தாருங்கள்.
செலவுக் கணக்கை நாங்களே பார்ப்போம்.
ரசீதைச் சுவரில் ஒட்டுவோம்,
உங்கள் ரசீதையும் சேர்த்து.”

கடைசி வார்த்தையில் யாரோ இருமினார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
“நல்ல பிள்ளைகள். குறித்துக்கொண்டோம்.
உட்காருங்கள், தேநீர் ஆறுகிறது.”

அவள் கோப்பையைப் பார்த்தாள்.
அந்த அறையில் நாலு பேர் தவிர
எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் பார்த்தாள்.
கெட்டிலின் மூடியைத் திறந்து
பாதியைத் திரும்ப ஊற்றினாள்.
மீதிப் பாதியை முன்னால் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தாள்.

பிறகு சைரா.
பிறகு நூர்ஜீபெக், கை நடுங்கிக் கொஞ்சம் சிந்தி.
பிறகு பெயர் தெரியாத மூன்று பேர்.
கெட்டில் வழிந்து மேசைவிரிப்பில் ஓடி
நிகழ்ச்சி நிரலின் ஓரத்தைப் பழுப்பாக்கியது.
நிதியில் ஒருவர், முடி நரைத்த பெண்,
மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து
ஏதோ விசாரித்தார்.
அவர் வெகுநேரம் பதில் சொன்னார்.

எட்டாம் பொருள் நடக்கவில்லை என்றால் பொய்.
நடந்தது, நாற்பது நிமிடம் தள்ளி.
ஆட்டுக்கறி நன்றாக இருந்தது.

ஏழாம் பொருளுக்கு எனக்கு ஒரு வரி இடம்.
எல்லாவற்றையும் எழுதினேன்,
திரும்பி வந்தது.
பாதியாக்கினேன்,
திரும்பி வந்தது.
மூன்றாம் முறை
‘இளையோர் கருத்து கேட்கப்பட்டது’ என்று எழுதி
பக்கத்தில் ஓர் எண்ணை விட்டுவைத்தேன்: 83.
எண்ணை அடிக்க
எவருக்கும் காரணம் அகப்படவில்லை.

இப்போது கோப்பில் இருக்கிறது, முத்திரையோடு.
என்ன எண்பத்துமூன்று என்று
யாராவது கேட்பார்கள்.

கேட்கட்டும்.